செவ்வாய்க்கிழமை மூன்றே முக்கால்: முதியோர் இல்லத்தில் பொழுதுபோக்கு நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இல்லத்துக்கு வந்து பாருங்கள். காலையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக்கோடு வரும். மதியம் யாரோ ஒருவரின் அப்பா நினைவு நாளுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு. சாயங்காலம் ஒரு கல்லூரிக் கூட்டம் மைக்செட்டோடு வந்து ஆடிப் பாடி, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகும். அப்புறம் செவ்வாய்க்கிழமை வாருங்கள். மூன்றே முக்கால் மணிக்கு டீ குடித்த டம்ளரோடு நாற்பது பேர் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வழிகாட்டி அந்தச் செவ்வாய்க்கிழமைக்காக எழுதுவது. சென்னைக்கு வெளியே ஓர் இல்லத்தில் சில வருடங்களாக இந்த வேலையைப் பார்க்கிறேன். புதிதாக இல்லம் நடத்துபவர்கள், அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள், வாரம் ஒரு நாள் போய் உதவ நினைப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்கலாம் என்கிறது. அதே பிரிவு, இல்லங்களில் இருக்க வேண்டிய சேவைகளைப் பற்றிச் சொல்லும்போது மருத்துவ வசதியையும் பொழுதுபோக்கையும் ஒரே வரியில்தான் சேர்த்துச் சொல்கிறது. நடைமுறையில் அந்த இரண்டாவது சொல் ஹாலில் மாட்டிய ஒரு டிவியோடு முடிந்துபோகிறது.

என் கட்சி ஒன்றே ஒன்று: பெரியவர்களை வேடிக்கை பார்க்க உட்கார வைக்காதீர்கள், கையில் ஏதாவது கொடுங்கள். இதை நான் கற்றது தப்பு செய்துதான். சேர்ந்த முதல் வாரம் பலூன் ஊதி, கலர் பேப்பர் வெட்டி, எல்.கே.ஜி. குழந்தைகளுக்குச் செய்வதுபோல் ஒரு நிகழ்ச்சி வைத்தேன். ஒரு பலூன் வெடித்ததில் ஓர் அம்மா பயந்து அழுதுவிட்டார். நாற்பது வருடம் தறி ஓட்டிய ஓர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முதல் படி: ஒரு வாரம் சும்மா உட்காருங்கள்

எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கூடவே இருங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது குளியல், எப்போது மாத்திரை, யார் எப்போது தூங்குகிறார் என்று குறித்து வையுங்கள். பல இல்லங்களில் ஐந்து மணிக்கே காபி வந்துவிடும்; இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிந்துவிடும். நடுவில் இருக்கும் நேரம் ரொம்ப நீளம். ஆனால் அதில் நமக்கு உதவும் நேரம் குறைவு.

பி.பி., இதயக் கோளாறு உள்ள பலர் காலையில் சிறுநீர் பிரியும் மாத்திரை போடுவார்கள். அதற்கு அடுத்த ஓரிரண்டு மணி நேரம் அவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தால் அவர்கள் மனசு நிகழ்ச்சியில் இருக்காது, பாத்ரூம் வழியில்தான் இருக்கும். பாதியில் எழுந்து போகக் கூச்சப்பட்டு, அடுத்த வாரம் வரவே மாட்டார்கள். இன்சுலின் போடுபவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகவே கூடாது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு இடைவெளிகள்: காலை பத்தரையிலிருந்து பதினொன்றே கால், சாயங்காலம் மூன்றே முக்காலிலிருந்து நாலேமுக்கால். உங்கள் இல்லத்தில் வேறாக இருக்கலாம்.

சீரியல் நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் வைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் படி: ஆளுக்கு ஒரு பக்கம்

நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருத்துவக் கோப்பில் சர்க்கரை அளவு இருக்கும், அறுவை சிகிச்சை விவரம் இருக்கும். அவர் யார் என்பது இருக்காது. எந்த ஊர், என்ன வேலை பார்த்தார், வீட்டில் எந்த வேலை அவர் கையில் இருந்தது, எந்த வேலையைக் கண்டால் ஆகாது, எழுதப் படிக்கத் தெரியுமா, எந்தக் காது கேட்கும், எந்தக் கை வலிக்காது, சாமி கும்பிடுவாரா, எதைச் சொன்னால் கோபம் வரும்: இவைதான் தேவை.

ஃபாரத்தை நீட்டிக் கேட்காதீர்கள். போலீஸ் விசாரணைபோல் ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டே கேளுங்கள். "பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று எடுத்த எடுப்பில் கேட்கவே கேட்காதீர்கள். அவர் இங்கே வந்த கதை அந்தப் பதிலுக்குள்தான் இருக்கும். அவராகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, எல்லோரையும் தாத்தா, பாட்டி என்று கூப்பிடாதீர்கள். எங்களிடம் இருக்கும் ஒரு தலைமையாசிரியைக்கு "பாட்டி" என்றால் காது கேட்காது, "டீச்சர்" என்றால் உடனே கேட்கும். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவரை ஆச்சி என்கிறோம். ரயில்வேயில் இருந்தவர் "சார்". எப்படிக் கூப்பிடட்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: இடம், நாற்காலி, வெளிச்சம்

கைப்பிடி உள்ள, பின்னால் சாயாத நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் வழவழத் தரையில் வழுக்காமல் இருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சக்கர நாற்காலிக்குப் பிரேக் போட்டிருக்க வேண்டும். தரையில் மிதியடி, ஒயர், ஈரம் எதுவும் கூடாது. ஆறிலிருந்து எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும். நாற்பது பேரை ஒரே நேரத்தில் வைத்தால் அது நிகழ்ச்சி ஆகாது, பொதுக்கூட்டம் ஆகும்.

நடத்துபவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கக்கூடாது. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். காது மங்கியவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் பிடிக்கிறார்கள். வயதானால் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். அதனால் கத்துவதில் பிரயோஜனம் இல்லை. குரலைத் தாழ்த்தி, நிதானமாக, சொல் சொல்லாகப் பேசினால் கேட்கும். அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிடுங்கள், மியூட் போதாது.

கண் விஷயமும் அப்படித்தான். விழிலென்ஸ் மஞ்சளாகிவிடுவதால் நீலமும் பச்சையும் ஒன்றுபோல் தெரியும். விளையாட்டுக் காய்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் எடுங்கள். எழுத்து பெரிதாக, வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும்.

நான்காம் படி: கைக்கு வேலை

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன், நீங்களும் செலவிடுங்கள்.

இல்லத்தின் சமையலறை தினமும் கிலோக்கணக்கில் காய் வெட்டுகிறது, கீரை ஆய்கிறது, பூண்டு உரிக்கிறது. பின்கட்டில் துண்டுகள் மடிக்கிறார்கள். பூஜைக்குப் பூ வாங்குகிறார்கள். இத்தனை வேலையும் அறுபது வருடம் கைப்பழக்கம் உள்ளவர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருக்க, சம்பளத்துக்கு வந்த இரண்டு பேர் உள்ளே அரக்கப்பரக்கச் செய்கிறார்கள்.

எங்கள் முதல் கீரை நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாலு கட்டு முருங்கைக்கீரையை மேசையில் கொட்டிவிட்டு, நானும் சமையல்கார அக்காவும் ஒவ்வோர் இலையாக உருவிக்கொண்டிருந்தோம். எந்த நிகழ்ச்சிக்கும் வராத ஓர் அம்மா, திருவாரூர்ப் பக்கத்துக்காரர், தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்து, "ராத்திரியே ஒரு துணியில சுத்தி வச்சிருந்தா காலையில தானா உதிரும்ல. இது கூடவா தெரியாது?" என்றார். எங்களுக்குத் தெரியாது. மறுநாள் அவர் சொன்னபடி ஈரமில்லாத பழைய வேட்டியில் இறுக்கிச் சுற்றி வைத்தோம். காலையில் பிரித்து உதறியபோது காம்பு தனியாக, இலை தனியாக விழுந்தது. அன்றிலிருந்து கீரைக்கு அவர்தான் மேஸ்திரி. இப்போதும் பாட்டு, ஆட்டம் எதற்கும் வரமாட்டார். கீரைக்கு மட்டும் வருவார், வந்து எங்களைத் திட்டுவார்.

பூ கட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கணவரை இழந்தவர்கள் சிலர் பூவைத் தொடவே தயங்குவார்கள். "அதெல்லாம் அந்தக் காலம், வையுங்கம்மா" என்று கட்டாயப்படுத்துவதும் தப்பு. அவர் பக்கம் தட்டை நகர்த்தாமல் தாண்டிப் போவது அதைவிடத் தப்பு. "சாமி படத்துக்குச் சரம் வேணும், கட்டித் தர்றீங்களா?" என்று கேளுங்கள். கட்டுவது வேறு, சூடுவது வேறு என்ற வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு தலையில் வைப்பதும் வைக்காததும் அவர் இஷ்டம். நாரைவிடப் பருத்தி நூல் மூட்டுவலி விரல்களுக்கு எளிது.

கோலத்துக்குத் தரையில் குந்த முடியாது. ஒட்டுப்பலகையில் கறுப்புப் பெயிண்ட் அடித்து மேசையில் வையுங்கள், கோலப்பொடியோ சாக்பீஸோ கொடுங்கள். கை நடுங்குபவர் புள்ளி வைக்கட்டும், கண் தெரிபவர் இழுக்கட்டும். "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலில் நிறுத்து" என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் வைத்து, முப்பத்தேழு புள்ளியும் சரியாக வந்ததா என்று மூன்றாமவர் எண்ணுவார். சிக்குக் கோலம் என்றால் சண்டை நிச்சயம். நல்ல சண்டைதான்.

ஆண்களுக்கு என்ன? "கைவேலை" என்று சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். ரேடியோவைத் திறந்து வைத்து, "ஏன் பாடவில்லை என்று தெரியவில்லை சார்" என்று சொல்லுங்கள். நாலு பேர் கண்ணாடி மாட்டிக்கொண்டு வருவார்கள். நன்கொடைக் கணக்கைச் சரிபார்ப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கடிதங்களைப் பெயர் பார்த்துப் பிரிப்பது, காலைச் செய்தித்தாளை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசிப்பது எல்லாம் நிரந்தரப் பதவிகளாகக் கொடுக்கலாம். வாசிப்பவர் நாற்காலி எது என்பதுகூட எங்கள் இல்லத்தில் முடிவாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. இது இல்லத்துக்கு இலவசக் கூலி ஆகிவிடக்கூடாது. விருப்பமில்லை என்றால் எழுந்து போகலாம், அன்றைக்குக் கீரை ஆயப்படாவிட்டால் சாம்பார்தான், ஒன்றும் குடிமுழுகாது என்ற நிலை இருக்க வேண்டும். கத்தி, அரிவாள்மனை யாருக்குக் கொடுக்கலாம் என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குக் கூடாது.

ஐந்தாம் படி: விளையாட்டு

கேரம், சீட்டு எல்லா இல்லத்திலும் இருக்கும். நான் தாயத்துக்கு ஓட்டுப் போடுவேன். வெள்ளைத் துணியில் மார்க்கரால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு மேசையில் விரியுங்கள். ஏழுக்கு ஏழு போட்டால் ஆட்டம் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் முடியாது. பித்தளைத் தாயக்கட்டையை உருட்ட விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு, சோழிகளை ஓர் எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கொட்டச் சொல்லலாம். அந்தச் சத்தத்துக்கே பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வருவார்கள்.

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதில் எல்லோரும் ஒன்று. அதற்கு மேல் ஊருக்கு ஒரு சட்டம். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு போட்டால் மறு ஆட்டமா, வெட்டினால் மறு ஆட்டம் உண்டா, வெட்டாமல் பழத்துக்கு, அதாவது நடுக்கட்டத்துக்கு, போகலாமா? எங்கள் இல்லத்தில் மதுரைக்கும் கடலூருக்கும் இதில் பேச்சுவார்த்தை நின்று, இரண்டு நாள் சாப்பாட்டு மேசை மாறி உட்கார்ந்தார்கள். கடைசியில் எல்லோரும் கூடிப் பேசி ஒன்பது விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். கீழே எட்டுப் பேர் கையெழுத்து, ஒரு கைநாட்டு.

பல்லாங்குழி விரல்களுக்கு நல்ல பயிற்சி. பதினாலு குழிகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதும், நாலு சேர்ந்ததும் "பசு" என்று அள்ளுவதும் பிசியோதெரபிஸ்ட் கொடுக்கும் எந்தப் பயிற்சியையும்விட ஆர்வமாக நடக்கும். ஆனால் மறதி நோய் உள்ளவர்கள் புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். அவர்கள் இருக்கும் மேசையில் கண் எடுக்காமல் ஓர் ஆள் இருக்க வேண்டும், அல்லது அந்த விளையாட்டே வேண்டாம். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பேருக்குத்தான் ஆட்டம் என்றாலும் சுற்றி நின்று யோசனை சொல்ல ஆறு பேருக்கு இடமுண்டு. பரமபதத்தை வைகுண்ட ஏகாதசி ராத்திரிக்கு ஒதுக்கி வையுங்கள். கண்விழிக்க முடியாதவர்களுக்குச் சாயங்காலமே நடத்திவிடலாம், பெருமாள் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆறாம் படி: உடம்பு

65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு பெற வேண்டும், வாரம் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இல்லத்தில் அதை அப்படியே எட்டுவது கடினம். முடிந்தவரை செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடி கணுக்கால் சுழற்றுவது, முழங்காலை நீட்டி மடக்குவது, இரண்டு கையாலும் துண்டைப் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்துவது என்று தினமும் பதினைந்து நிமிடம். நிற்கும் பயிற்சி என்றால் கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். எழும்போது சட்டென்று எழ விடாதீர்கள். நுனியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று சொன்ன பிறகு எழட்டும். யோகா சொல்லித்தர வருபவர்களிடம் மூச்சை அடக்கும் பயிற்சி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பி.பி.யும் இதயநோயும் இல்லாத ஆளை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஏழாம் படி: பாட்டும் பேச்சும்

"பழைய பாட்டு" போடுகிறேன் என்று எல்லோரும் தியாகராஜ பாகவதரைப் போடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் மனதில் ஆழமாகப் பதிகின்றன என்பது நினைவாற்றலை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. 1945-இல் பிறந்தவருக்கு அது 1955 முதல் 1975 வரை: டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் கொடிகட்டிப் பறந்த காலம். பாகவதர் 1959-லேயே காலமாகிவிட்டார். அது 1945-இல் பிறந்தவரின் அப்பா கேட்ட பாட்டு. 1960-இல் பிறந்து இப்போதுதான் இல்லத்துக்கு வந்திருப்பவருக்குப் பழைய பாட்டு என்றால் இளையராஜா! 1976-இல் அவர் முதல் படம் வந்தபோது இவருக்குப் பதினாறு வயது. நோட்டில் பிறந்த வருடத்தைப் பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். போட்டுவிட்டுப் போய்விடாமல், முதல் வரியோடு நிறுத்தி மிச்சத்தை அவர்களைப் பாடச் சொல்லுங்கள்.

பேச்சைத் தொடங்க ஒரு பொருள் போதும். ஓட்டைக் காலணா ஒன்று வைத்திருக்கிறேன். 1943-க்கும் 1947-க்கும் இடையே அடித்த, நடுவில் துளையுள்ள செப்புக்காசு. அது மேசையைச் சுற்றி வரும்போது பேச்சு தானாக 1957 ஏப்ரல் 1-க்குப் போகும், நயா பைசா வந்த நாள். பதினாறு அணா நூறு பைசா என்றால் ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. கடைக்காரர்கள் ஆறு கொடுத்தார்கள். அந்தக் கால் பைசாவை யார் விழுங்கியது? முன்னாள் மளிகைக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரை எல்லோரும் பார்ப்பார்கள். இன்னொரு நாள் தானியம் அளக்கும் ஒரு படியைக் கொண்டுவந்து, "இது எத்தனை இருந்தால் ஒரு மரக்கால்?" என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். ஊருக்கு ஒரு கணக்கு. முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை.

எட்டாம் படி: மறதி நோய் உள்ளவர்கள்

"என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க?" இந்தக் கேள்வியை இல்லத்தில் தடை செய்யுங்கள். அது பரீட்சை. ஒவ்வொரு முறையும் அவர் தோற்பார், தோற்றது மறந்தாலும் அந்த வருத்தம் தங்கும்.

இங்கிலாந்தில் உருவான அறிவுத்தூண்டல் சிகிச்சை என்ற குழு முறை ஒன்று உண்டு. வாரம் இரண்டு அமர்வு, ஏழு வாரம், மொத்தம் 14. ஒவ்வொன்றும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். லேசான, நடுத்தர அளவு மறதி உள்ளவர்களுக்கானது. சிறுவயது, சாப்பாடு, காசு, ஒலிகள், சொல் விளையாட்டு என்று ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு பொருள். சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைத் தமிழுக்கும் நம் ஊர்ப் பழக்கத்துக்கும் ஏற்ப மாற்றி அமைத்திருக்கிறார்கள். முறைப்படி நடத்தப் பயிற்சி வேண்டும். ஆனால் அதன் ஓர் அடிப்படையை நாளைக்கே கடைப்பிடிக்கலாம்: தகவலைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள். "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்பதற்குத் தப்பான பதில் இருக்கிறது. "இட்லிக்குச் சட்னியா, சாம்பாரா?" என்பதற்குக் கிடையாது.

பொழுது சாயும்போது சிலருக்குப் பதற்றம் கூடும். பையை எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும், பிள்ளைங்க ஸ்கூல்லருந்து வந்துரும்" என்று கேட்டுக்கு நடப்பார்கள். பிள்ளைகளுக்கே ஐம்பது வயது என்று விளக்கப் போகாதீர்கள். ஐந்தரைக்கே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். கூடவே நடந்து, "உங்க வீட்டு வாசல்ல என்ன மரம்?" என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் மடிக்க ஒரு கூடைத் துண்டு கொடுங்கள். அவர் மடித்ததை யாராவது அவர் கண் முன்னாலேயே பிரித்து மறுபடி மடித்தால், அந்த ஆளை நான் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

படுக்கையிலேயே இருப்பவர்களை மறப்பது சுலபம், அவர்கள் வராந்தாவில் கண்ணில் படமாட்டார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம், வாரம் மூன்று முறை என்று கணக்கு வையுங்கள். மருக்கொழுந்து ஒரு கொத்து, வறுத்த காபிக்கொட்டை ஒரு கிண்ணம், காதருகே ரேடியோ. ஜன்னல் திண்டில் காக்காய்க்குச் சோறு வைத்து, வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவரிடம் விடுங்கள்.

ஒன்பதாம் படி: வருகிறவர்களைச் சமாளிப்பது

நன்கொடையாளர்கள் இல்லாமல் இல்லம் ஓடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் திட்டிப் பயனில்லை, பிரித்துவிட வேண்டும். தொலைபேசியில் கேட்பவர்களிடம், "செவ்வாய் வரமுடியுமா? சாப்பாடு வேண்டாம், ஒரு மணி நேரம் தாயம் ஆட ஆள் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் ஒருவர் ஒத்துக்கொண்டாலும் லாபம். கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் அவர்களை மேடையில் ஏற்றாமல் மேசையில் உட்கார வையுங்கள். பெரியவர்கள் முறுக்குச் சுற்றக் கற்றுக்கொடுக்கட்டும், பிள்ளைகள் கோணல்மாணலாகச் சுற்றட்டும். போட்டோவுக்கு ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது எடுக்கும் போட்டோவுக்கு எங்கள் இல்லத்தில் அனுமதி இல்லை.

தீபாவளியன்று காலை நன்றாகவே போகும். இரண்டு மணிக்கு மேல்தான் கஷ்டம்: போன் வந்தவர்கள், வராதவர்கள் என்று ஹால் இரண்டாகப் பிரியும். வீடியோ அழைப்புகளை முடிந்தவரை காலையிலேயே அவரவர் அறையில் முடித்துவிட்டு, இரண்டு மணிக்கு எல்லோருக்கும் பொதுவாகப் பரபரப்பான ஏதாவது ஒன்றை வையுங்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருக்கும் இல்லத்தில் வருட ஆரம்பத்திலேயே எல்லாப் பண்டிகைகளையும் காலண்டரில் குறித்துவிடுவது நல்லது.

ஒருவர் இறந்தால் என்ன செய்வது? முன்பெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டு, காலையில் நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிடுவோம். யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் விழித்துத்தான் இருந்திருக்கிறார்கள். இப்போது காலையில் விளக்கேற்றி, அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு வார்த்தை சொல்கிறார்கள். சாயங்காலம் தாயம் உண்டு. வருபவர்கள் வரலாம்.

பத்தாம் படி: அந்த ஒரு மணி நேரம், நோட்டு

மூன்றரைக்கே ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள், மைக்கில் கூப்பிட வேண்டாம். மூன்றே முக்காலுக்கு நாற்காலிகள், கண்ணாடி, காதுக்கருவி சரிபார்ப்பு. கருவியில் பேட்டரி தீர்ந்திருப்பது பாதி நாள் நடக்கும். முதல் பத்து நிமிடம் துண்டுப் பயிற்சி. நாலிலிருந்து நாலரை வரை அன்றைய வேலையோ ஆட்டமோ. ஒருவர் தூங்கிவிட்டால் விடுங்கள். சும்மா உட்கார்ந்து பார்ப்பவரையும் விடுங்கள், அவராக நகர்ந்து வர எங்களிடம் ஒருவருக்கு ஐந்து மாதம் ஆனது. நாலே முக்காலுக்குள் முடித்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அடுத்த முறைக்கு யார் எதைக் கொண்டுவருவது என்று கேட்டு முடியுங்கள்.

அவர்கள் எழுந்து போன ஐந்து நிமிடத்துக்குள் நோட்டில் எழுதிவிட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பது அறக்கட்டளை அறிக்கைக்கு உதவும். நமக்கு உதவுவது, யார் எப்படி இருந்தார் என்பது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "முருங்கை நாலு கட்டு. ஏழு பேர். திருவாரூர் அம்மா வந்தார், ஆய்ந்தார். ஒரு தடவைகூடத் திட்டவில்லை. சிஸ்டரிடம் சொன்னேன்."

சிஸ்டர் அன்று ராத்திரி போய்ப் பார்த்தபோது ஜுரம் 101. சிறுநீர்த் தொற்று. அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் தூணைப் பிடித்துக்கொண்டு வந்தார். காம்போடு சேர்த்து ஆய்ந்து வைத்திருக்கிறேனாம்.